வைசூரி கண்ட நகரில் யோசேவாஸ் முனிவர்

1697 ஆம் ஆண்டிலே கண்டி மாநகரை வைசூரி நோய் பற்றிக்கொண்டது. அரசன் நகரை நீங்கினான். அரசன் நீங்கவே பிரதானிகள் நீங்கினர். பிரதானிகள் நீங்கவே பொருளுடையாரும் உடல்வலியுடையாரும் நீங்கினர். எஞ்சினோர் நோயாளரும் இறந்தோரும் போக்கிடமில்லாதாருமே. போதற்கு வழியிருந்தும் போகாது நின்றவர் இருவர். ஒருவர் யோசேவாஸ் முனிவர். மற்றவர் அவர்தம் மருகராகிய யோசேப் கர்வாலியோ குருவானவர். இருவரும் கோவா தேசத்தார். இருவரும் ஒரத்தோரியன் சபையைச் சார்ந்தவர்.

முனிவரின் பெயரை நம் பாடசாலை மாணவர் அறிவர். ஆயின் அவரைப்பற்றி யாது அறிவீர் என்று வினவின், வானம் பொய்த்த காலத்திலே கண்டி நகர்ச் சதுக்கத்திற் சிலுவையை நாட்டி மழை வருவித்தவர் என்பதே பெரும்பாலும் விடையாக வரும். கோயில்களிலே தொங்கும் படங்களும் அக்காட்சியையே காட்டுகின்றன. மழை பெய்கின்றது, முனிவர் முழந்தாளிட்டிருக்கின்றார், அவர் உடை நனையவில்லை. அற்புதத்தை நம்புவார் நம்புக. கஞ்சிப்பானையும் கையுமாக அவர் நின்ற காட்சியை ஓவியர் அத்துணை விரும்பி எழுதாமை ஏனோ என்பதே எமது குறை. அவர் சரித்திரத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கு அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து சிறிது கூறவேண்டும்.

யோசேவாஸ் 1651 ஆம் ஆண்டு சித்திரைத் திங்கள் 21 ஆந் தேதி கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாம் வாஸ் சங்கோலே என்னும் ஊரினர்; தாயார் மரியா தெ மிராண்டா. கொங்கணப் பிராமண குலத்திலே தோன்றிக் கிறிஸ்து சமயத்தைத் தழுவிய குடும்பம் அது. ஊர்ப் பாடசாலையிற் போர்த்துக்கேய மொழியையும் இலத்தீன் மொழியையும் கற்றார். பின்னர்க் கோவா நகரத்திலே மெய்ந்நூலும் வேதநூலும் பயின்று 1676 ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார். அதற்கு மறு ஆண்டு ஆவணி 5 ஆந் தேதி அவர் செய்த செயலொன்று நமது மரபில் வந்தோர்க்கு வியப்பும் உவகையும் தருவதாகும். தேவமாதாவுக்குத் தாம் என்றும் அடிமை என ஒரு சாசனம் எழுதிக் கைச்சாத்திட்டு வைத்தார். திருவெண்ணெய்நல்லூரிலே சுந்தரமூர்த்தி நாயனாரை ஆள் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நாம் படித்திருக்கின்றோம். அங்கே ஆண்டவன் ஓலை கொண்டுவந்தான். அடியவர் மறுத்து வழக்காடினார். இங்கே அடியவர் தாமே ஓலை எழுதிக் கொடுத்தார். அடிமைத்திறம் என்னும் பொருள் இரண்டிடத்தும் ஒன்றேயாதலைச் சைவராகிய நாம் உணர்தல் அரிதன்று.

1681 ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் கன்னட நாட்டுக் கரையோரத்திலே தொண்டு புரிந்தார். அங்கே குருமார்களின் அதிகாரம் யாருடையது என்பதுபற்றி உரோமைத் தலைமைச் சங்கத்தாருக்கும் போர்த்துக்கேய அரசரின் உரிமையைப் பேசுவோர்க்குமிடையே நிகழ்ந்த பிணக்கு அவரை மிக வருத்திற்று. அவ்வழக்கின் விரிவு இங்கு வேண்டா. கோவாவுக்கு மீண்டவர் 1685 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே திருச்சிலுவைக் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த சில குருமார்களோடு சேர்ந்தார். பிலிப்பு நேரி முனிவர் உரோமையில் ஏற்படுத்திய ஒரத்தோரியன் முறைமையை அவர்கள் தமக்கு ஒழுங்காகக் கொண்டனர். அக்காலத்து ஐரோப்பிய சபைகள் சுதேச குருமாரைத் தம்மிற் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. இச்சபையோ முழுவதும் அந்நாட்டவராலேயே ஆக்கப்பட்டது. முனிவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தனர். தலைமையை ஏற்றவர் அதிலே நிலைத்திருக்க விரும்பினாரல்லர். அவர் நெஞ்சம் இலங்கையை நோக்கியிருந்தது.

இலங்கையில் அப்பொழுது நிகழ்ந்தது யாது? 1656 இற் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தன. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்க குருமார் எவரும் தமது ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் இருத்தலாகாது எனவும், அவர்க்கு இடங்கொடுப்பார் மரண தண்டனைக்கு உரியர் எனவும் விளம்பரஞ் செய்தனர். பறங்கியர் காலத்திலே கோயில்களாயிருந்தவை ஒல்லாந்தர் தேவாலயங்களும் பாடசாலைகளுமாயின. உத்தியோகம் வேண்டுவோரும் விவாகத்தைப் பதிவு செய்விக்க வேண்டுவோரும் அவர்தம் சபையில் ஞானஸ்நானம் பெறவேண்டியவராயினர். சைவர்கள் வீட்டின் பின்புறத்தே ஒளித்திருந்து விரதமிருந்த கதைகளை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கத்தோலிக்கர் நிலையும் அதுவே. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர்கள் குருவின்றி வாழ்ந்தனர்.

இந்நாட்டிற்கு வருதற்கு முனிவர் மேற்கொண்ட வேடம் கூலியாள் வேடம். காற்செருப்பில்லை, இடுப்பிலே ஒரு துண்டு. யுவாம் என்னும் பணியாளனோடு தூத்துக்குடியிலிருந்து தோணியேறி 1687 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் அடைந்தார். வழியிலே காற்றால் அலைப்புண்டு பசியும் தாகமும் உற்றமையால், கரையேறியபோது கடுமையான வயிற்றுக்கடுப்பு அவரைப் பிடித்திருந்தது. எழுந்து நடக்க இயலாது கிடந்த அந்நியனுக்கு ஏழைப்பெண் ஒருத்தி நாடோறும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். அவள் பெயரைச் சரித்திரம் குறித்துவைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருண்ட முதலுணவு அக்கஞ்சிதான் போலும். பத்தாண்டு கழித்துக் கண்டியிலே தாமே கஞ்சி காய்ச்சிப் பிறர் வாயில் ஊட்டியபோது அவளை நினைந்திருப்பார் என்று கருதுதல் மிகையாகாது.

நோய் தணிந்தபின் தம் மக்கள் யாவர் என்று அறிதற்கு அவர் கொண்ட உபாயமும் கூறத்தக்கது. கழுத்திலே செபமாலையை வெளிப்பட அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சையேற்றார். கண்டும் காணாதார் போன்றிருந்தோர் பலர். மாலையைக் கண்டு முகம் மாறினோர் சிலர். அம்முகங்களை அவர் நினைவில் வைத்தார். இங்ஙனம் மெல்லத் தம்மவரைக் கண்டறிந்து, சில்லாலைக் கிராமத்தை உறைவிடமாகக் கொண்டு, இரவிலே பூசை செய்தும் பகலிலே மறைந்தும் ஊரூராகச் சென்றார். தமிழையும் நன்கு பயின்றார். தாய்மொழி கொங்கணியாகவும் கற்ற மொழிகள் போர்த்துக்கேயமும் இலத்தீனுமாகவும் உடைய ஒருவர், முப்பத்தைந்து வயதுக்குமேல் நம் மொழியைக் கற்று அதிலே பாவசங்கீர்த்தனம் கேட்குமளவுக்குத் தேர்ச்சியடைந்தார். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எமக்கு அவரிடத்து மதிப்பு மிகுதற்கு இதுவும் ஒரு காரணம்.

1689 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தத் தளபதியின் ஆட்கள் கூடியிருந்த கத்தோலிக்கரை வளைத்துப் பிடித்தனர். முனிவர் தப்பினார், மக்கள் தப்பவில்லை. அடிபட்டாரும் சிறைப்பட்டாரும் கடும் வேலையில் மாய்ந்தாரும் உளர். தம்மால் பிறர் துன்புறுதலைக் கண்டவர் ஒல்லாந்தர் ஆணை செல்லாத கண்டி இராச்சியத்தின் எல்லையிலுள்ள புத்தளத்துக்குச் சென்று, அங்கிருந்து 1692 இற் கண்டியை நோக்கி நடந்தார்.

கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். அவன் 1687 முதல் 1707 வரை ஆண்டவன், மதுரையிலிருந்து பெண்கொண்டவன், பௌத்த சமயத்திற் பற்றுடையவன். அவன் சபையிலே லனறோல் என்னும் பிரான்சியர் ஒருவர் இருந்தார். அவர் முந்திய அரசனாகிய இராசசிங்கனிடம் தூதாக வந்து திரும்பிச் செல்ல விடப்படாது தங்கியவர்; கல்வீன் மதத்தைச் சார்ந்தவர். வருகின்றவன் குருவல்லன், பறங்கியர் அனுப்பிய ஒற்றன் என்று அவர் அரசனுக்கு உரைத்தார். ஐயம் அரசருக்கு இயல்பு. முனிவரும் உடன்வந்தோரும் சிறைவைக்கப்பட்டனர். நாளடைவிலே காவல் தளர்ந்தது; ஆயினும் ஆற்றைக் கடந்து அப்பாற் செல்லுதல் கூடாது என்னுந் தடை நெடுநாள் இருந்தது. அந்நாட்களிற் சிங்களத்தைக் கற்றார். ஓலைக்குடிலொன்றை எழுப்பிப் பூசை செய்தார். பறங்கியர் வழிவந்தோரும் பிறருமாக அந்நகரில் இருந்த கத்தோலிக்கர் அவரை நாடி வந்தனர். மழை வரலாறு இதன்பின் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகின்றது. அதுமுதல் அரசன் அவரை ஒற்றனென்று கருதுவதை விடுத்தான். வெளியிற் செல்லவும் இசைந்தான். 1696 அளவிலே கோவாவிலிருந்து யோசேப் தெ மெனேசெஸ், யோசேப் கர்வாலியோ ஆகிய குருமார் துணையாக வந்து சேர்ந்தனர்.

இனி, வைசூரியின் கதைக்கு வருவோம்.

வைசூரி என்னும் பெரியம்மை இன்று உலகத்தில் இல்லை. 1980 ஆம் ஆண்டிலே அது ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆதலால் இக்காலத்து மாணவர் அதன் கொடுமையை அறியார். காற்றோடும் துணியோடும் பரவும் அந்நோய் ஒருவரைத் தொற்றியபின் பன்னிரண்டு நாள் அளவும் மறைந்திருந்து, பின்னர்ச் சுரமாகவும் முதுகுநோவாகவும் வெளிப்படும். அதன்பின் முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள் எழுந்து சீழ்பிடிக்கும். வாயினுள்ளும் தொண்டையினுள்ளும் புண் உண்டாதலால் நோயாளி விழுங்க இயலாது தவிப்பான். கொண்டவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறப்பர். பிழைத்தவர் வடுப்பட்ட முகத்தோடு வாழ்வர், கண்ணிழந்தோர் பலர். அதற்கு மருந்தில்லை. பால்கட்டு முறையை ஜென்னர் கண்டது 1796 இலே. அம்முறை இலங்கைக்கு வந்தது 1802 இலே. முனிவர் காலத்துக்கு அது நூறாண்டு பிந்தியது. மருந்தில்லாத நோயிலே ஒருவனைப் பிழைக்கச் செய்வது யாதெனின், நீரும் கஞ்சியும் தூய்மையும் அருகிருப்பாரும் என்பதே. பிழைக்கும் வலியுடையவனும் தண்ணீர் கொடுப்பாரின்றி இறந்துபோதல் உண்டு.

நம் நாட்டிலே தமிழர் அந்நோயை அம்மனின் வருகை என்றனர். சிங்களவர் தெய்வங்களின் நோய் என்றனர். தெய்வம் வந்த வீட்டிலே வேப்பிலை செருகி, தாளிதம் நிறுத்தி, உரத்த பேச்சொழித்து அடங்கியிருத்தல் நம் வழக்கு. அவ்வழக்கில் அன்பும் உண்டு, அறிவும் உண்டு. வேற்றார் வீட்டினுட் புகாமை நோய் பரவாமைக்கு உதவிற்று. ஆயின் நோய் ஒரு வீட்டை விட்டு ஊர்முழுதும் கொண்டபோது அச்சமே மேலோங்கியது. கண்டியில் நிகழ்ந்தது அதுவே. நோயுற்றோரைச் சுற்றத்தார் காட்டிலே கொண்டுபோய் விட்டனர். அல்லது வீட்டிலே விட்டுத் தாம் போயினர். அவர்களைக் கொடியர் என்று கூறிவிடுதல் எளிது. 2020 ஆம் ஆண்டிலே நாமும் ஒரு கொள்ளைநோயைக் கண்டோம். அயல்வீட்டில் இருமல் ஒலி கேட்டவுடன் படலையைச் சாத்தியவர் நாம். முகம் மூடிய ஆட்கள் வந்து ஒருவரை வண்டியில் ஏற்றிச் சென்றபோது வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்ததன்றி அவ்வீட்டார் உண்டனரோ என்று வினவினோர் எத்துணைப் பேர்? ஆதலிற் கண்டியாரைப் பழித்தற்கு எமக்கு வாய் எழவில்லை.

முனிவரும் கர்வாலியோ குருவானவரும் செய்தவற்றைச் சரித்திரக்காரர் எழுதிவைத்துள்ளனர். கோவா ஒரத்தோரியன் சபையைச் சார்ந்த செபஸ்தியான் தொ ரேகோ என்பார் எழுதிய முனிவர் சரிதம் 1745 இல் அச்சாயிற்று. சபையாருக்கு இலங்கையிலிருந்து சென்ற கடிதங்கள் அத்தகைய நூல்களுக்கு ஆதாரமாயின. அவற்றால் நாம் அறிவது வருமாறு. இருவரும் நாடோறும் வைகறையிற் பூசை முடித்துத் தெருத்தெருவாகச் சென்றனர். தெருவில் முடித்தபின் காட்டினுட் சென்று தேடினர். மரத்தின்கீழும் புதரின்பக்கத்தும் கிடந்தவர்களுக்குக் குடிசை வேய்ந்து வெயிலையும் மழையையும் மறைத்தனர். விட்டுப்போன வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றை நோயாளர்க்கு உறைவிடமாக்கினர். அரிசியிரந்து கஞ்சி சமைத்தனர். புண்ணைக் கழுவினர், இருந்த இடத்தைக் கூட்டி மெழுகினர், அறிந்த மருந்தை இட்டனர். இறந்தோர்க்குத் தாமே குழி தோண்டித் தாமே தூக்கிச் சென்று புதைத்தனர்.

இத்தொண்டுகளுட் கடைசியாகக் கூறியது எளிதன்று என்பதைச் சிந்திக்கவேண்டும். பிணத்தைத் தொடுதல் ஒவ்வொரு சாதியார்க்கும் ஒவ்வொரு விலக்குடையது. முனிவரோ பிராமண குலத்திற் பிறந்தவர். கோவாவிலே கிறிஸ்தவராயினோரும் குலவேற்றுமையை விட்டாரல்லர். அக்குலத்தவர் ஒருவர் தமக்கு உறவல்லாத, தம் சமயத்தவருமல்லாத, பெயரும் அறியாத ஒருவருடைய சீழ்வடியும் உடலைத் தோளிலே தாங்கிச் சென்றார். அதனைக் கண்டு அந்நகரத்தார் கொண்ட வியப்பு, மழையைக் கண்டு கொண்ட வியப்பினும் பெரிதாயிருந்திருக்கும் என்றே எண்ணுகின்றோம். மழை அரசனுக்கும் வேண்டியது, ஆண்டிக்கும் வேண்டியது; அதனைக் கேட்டு வழிபட யாரும் முன்வருவர். பிணஞ்சுமக்க யார் முன்வருவர்?

கொடிமாடச் செங்குன்றூரிலே அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் பதிகம் பாடி அதனைத் தீர்த்தருளினார் என்று பெரிய புராணத்தாற் படிக்கின்றோம். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் நாடோறும் பெற்ற காசைக்கொண்டு அடியார்க்கு அமுதளித்தனர் என்பதும் அறிவோம். முன்னையது அருளின் ஆற்றல். பின்னையது அன்னத்தின் ஆற்றல். கண்டியிலே யோசேவாஸ் முனிவரிடத்து வெளிப்பட்டது பின்னையதாகும். நோயைப் போக்குகின்றேன் என்று அவர் யார்க்கும் சொல்லவில்லை. நோயாளனை விட்டுப் போகாதிருந்தார்.

இங்கே ஒரு வினா எழும். எம்மிடம் கற்ற மாணவன் ஒருவனே இதனை ஒருமுறை வகுப்பிலே எழுப்பினான். அவர் செய்தது மதம் பரப்பும் உபாயமன்றோ என்றான். வினா நியாயமானது, நம்நாட்டுச் சரித்திரம் அறிந்தார்க்கு இயல்பாகத் தோன்றுவது. இறக்குந் தறுவாயிலிருந்தோர் இசைந்தபோது முனிவர் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதும், பிழைத்தெழுந்தோருட் பலர் கிறிஸ்தவராயினர் என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. அவர் தம் சமயத்தைப் பரப்புதற்கே இந்நாட்டுக்கு வந்தவர். அதனை அவரும் மறைத்தாரல்லர். ஆயினும் இரண்டு வேற்றுமையை நோக்குதல் வேண்டும். கரையோரத்திலே ஒல்லாந்தர் உத்தியோகத்தையும் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு சபையிற் சேர்த்தனர். முனிவரிடத்துக் கொடுப்பதற்கு உத்தியோகமில்லை. அவரே பிச்சையேற்று உண்டவர். அவரிடஞ் சேர்ந்தார்க்குக் கரையோரத்திலே கிடைப்பது தண்டனை. இது ஒன்று. புதைக்கப்பட்டவர் எவரும் சபைக்கு ஆள் ஆகார் என்பது மற்றொன்று. ஆள் சேர்ப்பதே கருத்தாயின், பிழைக்கக்கூடியவரைத் தெரிந்தெடுத்து உதவி ஏனையோரை விட்டிருப்பார். அவர் அவ்வாறு தெரிந்தெடுக்கவில்லை. பௌத்தரையும் கிறிஸ்தவரையும் ஒரே குடிசையிற் கிடத்தினார். மாணவன் இவ்விடையை முழுவதும் ஒப்புக்கொண்டானோ இல்லையோ அறியேம், நாம் ஒப்புக்கொள்கின்றோம்.

கோவாவிலிருந்த சபையின் பங்கையும் இவ்விடத்துச் சொல்லவேண்டும். ஒருவர் புகழைப் பாடும்போது அவரைத் தாங்கினோரை மறந்துவிடுதல் சரித்திரம் எழுதுவோரிடத்துக் காணப்படும் குற்றம். ஒரத்தோரியன் சபையார் அரசின் பொருளுதவி பெற்று வாழ்ந்த பெருஞ்சபையார் அல்லர். ஆட்களைத் தெரிந்து தமிழும் சிங்களமும் கற்கும்படி தூண்டி, ஒருவர் இளைத்தபோது மற்றொருவரை அனுப்பினர். அனுப்பப்பட்டவர் மாறுவேடத்தில் வந்தனர். ஒல்லாந்தர் கையில் அகப்பட்டாற் சிறை, அகப்படாவிட்டாற் காட்டுச்சுரம். வைசூரிக் காலத்திலே முனிவர் தனித்து நின்றிருப்பின் ஒருவர் சமைக்க ஒருவர் சுமக்க ஆளிராது. கர்வாலியோ குருவானவர் கண்டிக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. தாய்மாமன் இருந்தால் மருமகன் இருக்கத்தானே வேண்டும் என்று நம்மூரார் சொல்வர். மாமனார் வற்புறுத்தியோ தாமே விரும்பியோ, அந்த இளைஞர் அந்நகரிலே நின்றார். மாமனார்க்கு ஈடாக உழைத்தார். அவர் பெயர் இன்று பெரும்பாலும் வழங்குவதில்லை.

நோய் தணிந்து அரசன் நகரத்துக்கு மீண்டான். நிகழ்ந்தவற்றைக் கேட்டான். அக்குருவானவர் இல்லாதிருந்திருப்பின் தலைநகரின் தெருக்கள் பிணக்காடாகியிருக்கும் என்ற கருத்துப்பட அவன் பேசினான் என்பர். முனிவர் இராச்சியமெங்கும் தடையின்றிச் சென்று போதிக்கலாம் என்று இசைவு அளித்தான். இதனை அரசனின் சமய மனமாற்றமென்று கொள்ளுதல் பிழை. அவ்வரசனே அக்காலத்தை அடுத்து அரக்கன் தேசத்திலிருந்து பிக்குகளை வருவித்து இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீளவும் நிறுவியவன். தந்ததாதுவுக்கு மூன்று நிலை மாளிகை எடுப்பித்தவன். தன் சமயத்திலே உறுதியாக நின்றுகொண்டே பிற சமயத்தவர் ஒருவரின் அறத்தை மதித்தான். அம்மதிப்பு இருபாலார்க்கும் பெருமை தருவது. சபையிலே முனிவர்க்குப் பகைவர் இல்லாமற் போகவில்லை. பின்னும் பல இடையூறுகள் வந்தன. ஆயினும் ஒற்றன் என்ற பழி அதன்பின் எடுபடவில்லை.

எஞ்சிய பதினான்கு ஆண்டுகளில் முனிவர் இலங்கையின் பெரும்பகுதியைக் காலால் நடந்து அளந்தார். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த ஊர்களுக்கும் மறைந்து சென்றுவந்தார். மேற்றிராணியாருக்கு ஒப்பான பதவி அவரை நாடிவந்தபோது ஏற்க மறுத்தார். 1705 ஆம் ஆண்டிலே யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் இளங்குரு அவரிடம் வந்து சேர்ந்தார். இவர் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் இயற்றியவர். தவக்காலத்திலே நம்நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் இராகத்தோடு வாசித்துவரும் வியாகுலப் பிரசங்கம் இவர் செய்தது. ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப்புகுவார் ஆறுமுக நாவலரிடத்துத் தொடங்கிவிடுகின்றனர். நாவலர்க்கு நூறாண்டு முந்திய இவ்வுரைகளையும் புரட்டிப் பார்த்தல் நன்று. அது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

நடையாலும் உண்ணாநோன்பாலும் நோயாலும் முனிவரின் உடல் 1710 ஆம் ஆண்டளவிலே முற்றுந் தளர்ந்தது. கண்டியிலே படுக்கையுற்றார். 1711 ஆம் ஆண்டு தைத் திங்கள் 16 ஆந் தேதி தமது அறுபதாவது வயதிலே உயிர் நீத்தார். இலங்கைக்கு வந்தபின் கோவாவை அவர் மீளவும் கண்டாரல்லர். அவர் இறந்தபோது அரசாண்டவன் விமலதர்மசூரியன் மகனாகிய நரேந்திரசிங்கன்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995 ஆம் ஆண்டு தை 21 ஆந் தேதி கொழும்பு காலிமுகத்திடலிலே அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலையை அளித்தார். அதே திடலிலே 2015 ஆம் ஆண்டு தை 14 ஆந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். ஈழத்துக்கு முதற் புனிதர் அவரே. அந்நாளிலே சாதிமத பேதமின்றிச் சனங்கள் திரண்டிருந்தனர்.

அவர் அடக்கஞ் செய்யப்பட்டது கண்டியிலிருந்த கோயிலிலே. பின்வந்த அரசன் காலத்தில் கத்தோலிக்க குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர், அக்கோயிலும் அழிந்தது. கோவாச் சபையும் 1834 இற் போர்த்துக்கேய அரசு துறவற சபைகளை ஒழித்தபோது ஒழிந்தது. முனிவரின் சமாதியைப் பலர் பலகாலும் தேடினர். இன்றளவும் அது கண்டறியப்படவில்லை. வைசூரியில் இறந்தோரை அவர் எங்கெங்கே புதைத்தாரென்பதற்கும் கண்டியிலே அடையாளம் யாதும் இல்லை.